நாராசம் என்றொரு நல்ல சொல்

"இது படிக்கிறதா, மாட்டி வைக்கிறதா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

சாப்பாட்டு மேசைமேல் அந்தப் பொருள் நின்றுகொண்டிருந்தது. உள்ளங்கை அகலம், ஒரு சாண் உயரம், எல்லாம் கம்பியும் காகிதமும். அதற்கு 90 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்திருந்தேன். அவரிடம் 40 என்றேன். அதற்கே, "இந்தக் காசுக்கு மாமாக் கடையில் நாலு பேர் வயிறாரச் சாப்பிட்டிருக்கலாம்" என்றார். புத்தகம் என்று சொன்னால் சிரிப்பார் என்று தெரியும். ஆனாலும் சொன்னேன். சிரித்தார்.

வாங்கியது ஹின் பஸ் டிப்போவில். பினாங்குத் தீவில், ஜார்ஜ்டவுனில், ஜாலான் குருத்வாராவில் இருக்கிறது. பழைய பஸ் டிப்போ. 2014இல் இருந்து ஓவியக் கண்காட்சிகள் நடக்கும் இடமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தை கூடும். நாங்கள் எதிர்க்கரையான பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் போய், சும்மா சுற்றிவிட்டு, எதையாவது தின்றுவிட்டுத் திரும்புவது வழக்கம். அன்றைக்கு ஒரு ஓரத்தில் சின்ன மேசை போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நம்ம பிள்ளைதான். பகலில் அச்சகத்தில் வேலையாம். வெட்டி எறியும் காகித ஓரங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் இந்த வேலை செய்கிறாளாம். கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தேன். விலை ஒட்டியிருக்கும் கலைப்பொருளை வேறு எப்படிப் பார்ப்பது?

"தொட்டுப் பாருங்கக்கா. தொடலன்னா அது புத்தகம் இல்ல, பொம்மை."

தொட்டேன்.

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பன்னிரண்டு தாள். ஒவ்வொரு தாளும் இரண்டு மெல்லிய காகிதங்கள் சேர்ந்தது; நடுவில், முதுகுப் பக்க ஓரத்தோடு, ஒரு கம்பி மேலிருந்து கீழாக ஓடுகிறது. ஓரத்தில் நான்கு இடங்களில் காகிதத்தைச் சின்னச் சதுரமாக வெட்டி எடுத்திருக்கிறாள். அங்கே மட்டும் கம்பி வெளியே தெரியும். பக்கத்துத் தாளின் கம்பியும் அதே இடத்தில் தெரியும். இரண்டையும் சேர்த்து நூலால் முடிச்சு. மல்லிகை கட்டும்போது விரலில் சுற்றி இழுப்போமே, கிட்டத்தட்ட அதே கை. முதுகில் ஒட்டுப்பசை கிடையாது, அட்டை முதுகும் கிடையாது. அதனால் புத்தகம் எந்தப் பக்கமும் திரும்பும். முன்னட்டையும் பின்னட்டையும் முதுகோடு முதுகு தொடும்வரை திறந்தால், பன்னிரண்டு தாளும் விரிந்து ஒரு கூண்டு விளக்கு மாதிரி நிற்கிறது.

இந்தக் கட்டுமுறை அவள் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் டேனியல் கெல்ம் என்ற புத்தகக் கட்டுநர் 1980களில் உருவாக்கியது. அவர் வேதியியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். தாளின் ஓரத்தில் கம்பியை வைத்துவிட்டால் கதவுக்குக் கீல் வைத்த மாதிரி. கீல் ஒரு ஓரத்தில்தான் இருக்க வேண்டும் என்று என்ன சட்டம்? மூன்று ஓரத்திலும் வைக்கலாம். முக்கோணப் பக்கங்களைச் சுற்றிச் சுற்றிக் கோக்கலாம். புத்தகம் வளையமாகும், பெட்டியாகும், புரட்டப் புரட்ட முடிவில்லாமல் உள்பக்கம் வெளிப்பக்கமாக மாறிக்கொண்டே இருக்கும். சாதாரணத் தையலுக்கு இது முடியாத காரியம். நூல் பிடித்துக்கொள்ளும், ஆனால் தாங்காது. கம்பி தாங்கும். அதோடு, எப்படி வளைத்தோமோ அப்படியே நிற்கும்.

என் கையிலிருந்த புத்தகத்தில் கதை என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தாளின் வெளி ஓரத்திலும் ஒரு கம்பி நீட்டிக்கொண்டு அலை மாதிரி வளைந்து போகிறது. முதல் தாளில் படபடப்பான அலை, நடுவில் கிட்டத்தட்ட நேர்கோடு, அப்புறம் மறுபடி அலை. பட்டர்வொர்த்துக்காரியான எனக்கு அது என்ன என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஃபெரி துறையை விட்டு விலகும்போது, நடுக் கால்வாயில், மறுகரையை நெருங்கும்போது. கடைசித் தாளில் கம்பியாலேயே ஒரு சொல் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டினால் "அககரை" என்று வந்தது.

"புள்ளிய விட்டுட்டியேம்மா" என்றேன். கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு. விட்டுப்போனது முதலில் கண்ணில் படும்.

"புள்ளி எங்கக்கா நிக்கும்?" என்றாள்.

சரிதான். கம்பி ஒரே இழை. ககரத்துக்கு மேலே தனியாக ஒரு புள்ளியை எதில் தொங்கவிடுவது? ஒரு காம்பு வைத்துத் தூக்கினால் அது வேறு எழுத்தாகிவிடும். அதனால் விட்டுவிட்டாள். ஃபெரியில் திரும்பும்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஓலைச்சுவடிகளிலும் புள்ளி கிடையாது. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று மெய்யெழுத்துக்கும் புள்ளி இல்லாமலேதான் எழுதினார்கள். இடம் பார்த்து, ஓசை பார்த்து வாசிப்பவர்தான் அதை வைத்துக்கொள்ள வேண்டும். ஓலை கிழியாமலிருக்க அவர்கள் விட்டதை, கம்பி அறுந்துபோகாமலிருக்க இவள் விட்டிருக்கிறாள்.

அங்கிருந்து என் புத்தி வேறு எங்கோ போயிற்று. தமிழில் புத்தகத்துக்கும் நூல் என்றுதான் பெயர், தைக்கிற இழைக்கும் நூல் என்றுதான் பெயர். நன்னூல் பாயிரம் இதை நூற்பு வேலையாகவே விரித்துச் சொல்கிறது: சொல்தான் பஞ்சு, புலவன்தான் நூற்கும் பெண், வாய்தான் கை, அறிவுதான் கதிர். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது. அப்படியானால் கம்பியில் கட்டியதை நூல் என்று சொல்லலாமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் அந்தக் கேள்வியை ரசித்தேன். பிறகு பார்த்தால் கம்பிக்கும் நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது.

நாராசம்.

ஓலைச்சுவடியில் இரண்டு துளை போடுவார்கள். ஒன்றில் கயிறு ஓடும். மற்றதில் ஒரு உலோகக் கம்பியைச் செருகுவார்கள், அல்லது மூங்கில் குச்சியை. ஏடுகள் பக்கவாட்டில் நழுவாமல் ஒரே சீராக நிற்க அது. அதற்குத்தான் நாராசம் என்று பெயர். கயிற்றின் நுனியில் முடிச்சு உருவிக்கொண்டு வராமல் ஓலைத் துண்டைக் கத்தரித்து மாட்டுவதற்குக் கிளிமூக்கு என்று பெயர். கிளிமூக்கு மறந்தேபோயிற்று. நாராசம் பிழைத்துக்கொண்டது, ஆனால் எப்படிப் பிழைத்தது பாருங்கள். பழுக்கக் காய்ச்சிய நாராசம் காதில் நுழைந்தாற்போல என்ற உவமையில் ஒட்டிக்கொண்டு, இன்றைக்குப் பக்கத்து வீட்டுக் கராவோக்கேயைத் திட்ட மட்டும் பயன்படுகிறது. ஒரு காலத்தில் சுவடியைச் சிதறாமல் நிறுத்திய கம்பி, இன்று வசைச்சொல்.

அதனால் கம்பியும் காகிதமும் சேர்ந்த புத்தகம் என்றால் ஏதோ புதுமை, வெளிநாட்டுச் சமாச்சாரம் என்று எனக்குத் தோன்றுவது நின்றுவிட்டது. துளை, ஏடு, கம்பி. இதில் நமக்கு என்ன புதுசு?

இதைச் சொன்னதற்காக இந்த வகையில் வருகிற எல்லாவற்றையும் கும்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பழைய புத்தகத்தை வாங்கி, கத்தியால் குடைந்து, உள்ளே ஒரு வீடும் மரமும் செய்து, கம்பியில் பறவை தொங்கவிட்டு, மஞ்சள் விளக்கு போட்டுப் படமெடுப்பவர்கள் இருக்கிறார்கள். கைத்திறமையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் புத்தகத்தில் என்ன எழுதியிருந்தது என்றுதான் கேட்கத் தோன்றுகிறது. ஒன்றுக்கு மட்டும் மனம் இளகியது. 2011இல் எடின்பரோவில் யாரோ பெயர் சொல்லாமல் ஸ்காட்லாந்துக் கவிதை நூலகத்தில் புத்தகக் காகிதத்தால் செய்த ஒரு சின்ன மரத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம் அந்த ஊரின் வேறு நூலகங்களிலும் அதுபோல வந்தன. விற்க இல்லை, நன்றி சொல்ல வைத்துவிட்டுப் போனது. அது வேறு.

என்னுடைய அளவுகோல் எளிது. கம்பியை உருவிவிட்டால் புத்தகம் விழ வேண்டும். விழாவிட்டால் அந்தக் கம்பி நகை. ஜெர்மானியக் கலைஞர் ஆன்செல்ம் கீஃபர் 1980களின் பிற்பகுதியில் ஏறத்தாழ 200 ஈயப் புத்தகங்களை இரண்டு எஃகு அலமாரிகளில் அடுக்கி, கம்பிகளைத் தொங்கவிட்டுச் செய்த படைப்பைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒருவர் தனியாக ஒன்றைத் தூக்கிப் புரட்ட முடியாது. படிக்க முடியாது என்பதையே அது சொல்கிறது, சரி, புரிகிறது. என் கை அதற்குப் போகவில்லை.

கை போனது கெகோ என்ற சிற்பியிடம். 1912இல் ஹாம்பர்க்கில் பிறந்த யூதப் பெண்மணி, கட்டடக்கலை படித்தவர், 1939இல் தப்பி வெனிசுவேலாவின் கராகஸுக்குப் போனவர். 1970களில் மிச்சக் கம்பிகளையும் உலோகத் துண்டுகளையும் முடிந்து சுவரிலிருந்து சற்றே தள்ளித் தொங்கவிட்டார். அதற்குக் காகிதம் இல்லாத வரைபடங்கள் என்று பெயர் வைத்தார். சுவரில் விழுகிற நிழல் இரண்டாவது கோடு. காகிதத்தை எடுத்துவிட்ட பிறகும் கோடு நிற்கிறதா என்று பார்க்கிற தைரியம் அது. அதேபோல அமெரிக்கச் சிற்பி ரூத் அசாவா, 1947இல் மெக்சிகோவின் தொலூகாவில் கம்பியில் கூடை பின்னுவதைக் கற்றுக்கொண்டு, அந்தப் பின்னலை வைத்தே சிற்பம் செய்தார். அந்த ஊரில் கூடை பின்னுகிறவரிடம் கற்றது. எனக்கு இது மிகவும் பிடித்த செய்தி.

ஜார்ஜ்டவுனில் நடக்கிறவர்களுக்குக் கம்பிக்கோடு ஒன்றும் அந்நியமில்லை. சுவர்களில் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்த கேலிச்சித்திரங்கள் 52 வைத்தார்கள். பிரபல காலணி வடிவமைப்பாளர் ஜிம்மி சூ செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்ட இடத்தில் ஒன்று. பேச்சும் கம்பி எழுத்தில்தான். சுற்றுலா வருகிறவர்கள் பக்கத்துத் தெருவில் சைக்கிள் ஓவியத்தின் முன்னால் வரிசையில் நிற்க, இவை தேமே என்று இருக்கும். பத்து மணி வெயிலில் போய்ப் பாருங்கள். கம்பியின் நிழல் சுவரில் சாய்ந்து விழுந்து இரட்டை வரியாகத் தெரியும். உச்சி வெயிலில் நிழல் சுவரில் கீழ்நோக்கி நீண்டுவிடும்.

அப்புறம் எனக்கே கை அரித்தது.

பட்டர்வொர்த்தில் ஒரு ஹார்ட்வேர் கடையில் "டாவாய் ஹாலுஸ்" என்று கேட்டேன், மலாயில் மெல்லிய கம்பி. கடைக்கார அங்கிள் கட்டுமானத்துக்குக் கம்பி கட்டுகிற கறுப்புக் கம்பியை எடுத்து நிறுத்துக் கொடுத்தார். மெல்லிசு, மலிவு, விரலால் வளையும். வீட்டில் மைதாப் பசை காய்ச்சினேன். முதலில் ஒரு பெயர்ப்பலகைத் தாள் செய்து பார்ப்போம் என்று எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொண்டது என் முட்டாள்தனம். தமிழ் எழுத்தில் வளைவுதான் அதிகம். அகரமும் ணகரமும் கம்பிக்காகவே பிறந்தவை மாதிரி சுழன்று வரும். ஆனால் பட்டர்வொர்த்? ப, ட, ட. எல்லாம் செங்கோணம். குறட்டில் பிடித்து மடக்கி, கோணம் தப்பிவிட்டது என்று நிமிர்த்தி, மறுபடி மடக்கினால் பட்டென்று உடைகிறது. கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடக்கினால் அது விறைத்துப்போய் ஒடிந்துவிடும். ஒரு முறைதான் வாய்ப்பு. மூன்றாவது முறை செய்த டகரமும் உடைந்ததோடு ஊர்ப்பெயரைக் கைவிட்டேன்.

புத்தகம் என்னவோ முடிந்தது. எட்டுத் தாள். அலமாரியில் வைத்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு, உள்ளிருந்து கசிந்திருந்தது. பூச்சில்லாத இரும்பு, ஈரப் பசை, நம் ஊர்க் காற்று. இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணமே உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் நூலுக்குப் பதில் கம்பியால் புத்தகம் தைக்கும் இயந்திரங்கள் வந்தன. வேகம், சிக்கனம். அந்தப் புத்தகங்களில் பலவற்றின் முதுகை உள்ளேயே துரு தின்றுவிட்டது. நம் கடைகளில் பற்று எழுதுகிற தீகா லீமா நோட்டு இருக்கிறதே, 555 போட்ட சின்னது, அதன் நடுமடிப்பில் இரண்டு பின் பக்கத்திலும் துருக்கறை இருக்கும். அதே கதைதான். பித்தளை, துருப்பிடிக்காத எஃகு, இரண்டில் ஒன்று எடுத்திருக்க வேண்டும். போதாததற்கு மைதாப் பசையைக் கரப்பான் மோந்து பார்த்திருந்தது.

அந்தத் துருக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தாத்தாவின் கம்பி ஞாபகம் வந்தது.

அம்மாவின் அப்பா நிபோங் தெபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். கூடத்தில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கம்பி தொங்கும். மேல் நுனி கொக்கி, கீழே வட்ட மரத்துண்டு. ஊரிலிருந்து, முசிறிப் பக்கம், வருகிற கடிதத்தை எல்லோருக்கும் கேட்க வாசித்துவிட்டு, மடித்து, கம்பியின் நுனியில் குத்திக் கீழே தள்ளுவார். நீல ஏர் லெட்டர், மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை, பணம் அனுப்பிய ரசீது எல்லாம் அதில்தான். பழையது அடியில், புதியது மேலே. தேட வேண்டுமானால் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சுற்றித் திருப்புவார். நீலத் தாள்கள் கம்பியைச் சுற்றி விசிறியாக விரியும். 90 வெள்ளி கொடுத்து ஹின்னில் வாங்கினேன் பாருங்கள், அது எங்கள் வீட்டுச் சுவரில் சும்மா தொங்கியிருக்கிறது.

தோட்டம் கைமாறி வீட்டைக் காலி செய்தபோது மாமா கடிதங்களை உருவி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார். கம்பி பழைய இரும்போடு போயிற்று. டின் அம்மாவிடம் இருந்தது. கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். நூறுக்குச் சற்று மேல். ஒவ்வொன்றின் நடுவிலும் துளை, துளையைச் சுற்றிப் பழுப்பு வளையம்.

முதலில் கெல்ம் முறைப்படி ஒவ்வொரு கடிதத்துக்கும் ஓரத்தில் கம்பி வைத்து அழகாகக் கட்டலாம் என்று திட்டம் போட்டேன். அளவெல்லாம் எடுத்துவிட்டேன். பிறகு, ஏற்கனவே துளை இருக்கிற ஏட்டுக்கு நான் யார் இன்னொரு கட்டுப் போட என்று விட்டுவிட்டேன். பித்தளைக் கம்பி ஒன்றை வாங்கி, நுனியைக் கொக்கியாக வளைத்தேன். ஒரே மடக்கு. உடையவில்லை. வரிசை மட்டும்தான் சிக்கல். தேதி எழுதியவை கொஞ்சம், அஞ்சல் முத்திரை தெரிபவை கொஞ்சம். இரண்டும் இல்லாதவற்றுக்குத் துருதான் உதவியது. கம்பியில் அதிக வருடம் கிடந்ததற்கு வளையம் அகலம். பிசகு இருக்கலாம், ஆனாலும் ஒரு வரிசை வந்தது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்துக் கொடுத்தார். பாதியில் நான் ஒன்று கேட்டேன்: இத்தனை கடிதத்தில் ஒரு சாவுச் செய்தி கூட இல்லையே? "அதையெல்லாம் யாராவது வீட்ல வெச்சிருப்பாங்களா? படிச்ச ஒடனே கிழிச்சுப் போட்டுருவாரு தாத்தா" என்றார். அதனால் அந்தக் கம்பியில் யாரும் சாகவில்லை. பெரியப்பா ஒருவர் எழுதிக்கொண்டே இருக்கிறார், மழையில்லை, கிணறு வற்றிவிட்டது, சின்னவனுக்கு வேலை கிடைத்தது என்று. அப்புறம் அவருடைய கையெழுத்து வருவதில்லை. சின்னவன் எழுத ஆரம்பிக்கிறான்.

ஒரு கடிதத்தில் துளை சரியாகத் தொகையின்மேல் விழுந்திருந்தது. அவசரமாக, ஓட்டை, ரூபாய் அனுப்பி வைக்கவும். அம்மா கண்ணாடியைத் தூக்கிவிட்டு அந்தத் துளை வழியாக வெளிச்சத்தைப் பார்த்தார். "எவ்ளோ கேட்டாரோ பாவம்" என்று சிரித்தார். "தாத்தா வேணும்னே அங்க குத்தியிருப்பாரு."

கடைசியில் கல்யாணப் பத்திரிகை ஒன்றை மேலே தள்ளி முடித்தோம். என் வீட்டுக்காரர் சுத்தியலோடு வந்தார். நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடிக்கப் போனவரை அம்மா தடுத்து, இன்னும் கீழே, இன்னும் கீழே என்று சொல்லிச் சொல்லி இறக்கினார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைக்கு எட்ட வேண்டுமாம்.